சகலையின் இரண்டாவது சட்டை

"சவரி ஒருத்தன்தான் ஆம்பள. நாங்கல்லாம் என்ன, ஆட்டாங்கல்லா?" என்று கேட்டுவிட்டு டேவிட்ராஜ் இட்லித் தட்டைத் தள்ளி வைத்தான். தள்ளி வைத்தானே ஒழிய எழுந்துவிடவில்லை. தட்டில் இன்னும் இரண்டு இட்லி பாக்கி இருந்தது.

"நான் எப்பங்க அப்புடிச் சொன்னேன்?" என்றாள் ஜெயராணி, சட்னி ஊற்றிக்கொண்டே. "லூர்து சொன்னா. அத உங்ககிட்ட சொன்னேன். அவ்ளோதான்."

இந்த 'அவ்ளோதான்' இருக்கிறதே, அதுதான் ஆளைக் கொன்றுவிடும்.

விஷயம் இதுதான். ஜெயராணியின் தம்பி டில்லியில் ராணுவத்தில் இருக்கிறான். அவனுக்குத் தலைச்சன் குழந்தை பிறந்து, ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தாயிற்று. அக்காள்தான் ஞானத்தாய். அவள் தன் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ரயிலில் இரண்டு நாள் அல்லாடவேண்டாம் என்று பெங்களூரிலிருந்து பிளைட் டிக்கெட் போட்டு அனுப்பிவிட்டான் மகராசன். அக்காளுக்கு ஒன்று, மாமாவுக்கு ஒன்று, பதினோரு மாசக் குழந்தை ஜாஸ்மினுக்கு யாராவது ஒருத்தர் மடி.

எவர் மடி? அங்கேதான் சவரி வந்து குந்திக்கொண்டான்.

சவரி என்பவன் ஜெயராணியின் பெரியம்மா மகள் லூர்துமேரியின் புருஷன். டேவிட்ராஜுக்குச் சகலை. மும்பையில் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். வருஷா வருஷம் பிள்ளையோடு பிளைட்டில் ஊருக்கு வந்துபோகிறவன். டேவிட்ராஜ் அவனைத் தன் கல்யாணத்தில் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறான். நெற்றி ஏறிப்போன, சாதாரண ஆள். பந்தியில் ரசத்துக்கு முன்னாலேயே மோர் கேட்டான் என்பதைத் தவிர அவனிடம் விசேஷமாக எதுவும் இல்லை. ஆனால் அக்காளும் தங்கையும் தினம் பேசிப் பேசி, போனுக்குள்ளேயே அந்த ஆள் வளர்ந்துகொண்டு போனான். போனை வைத்ததும் ஜெயராணி ஒரு பெருமூச்சு விடுவாள் பாருங்கள், "ம்ஹூம்... குடுத்து வெச்சவ" என்று! டேவிட்ராஜுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரியும்.

அவன் ஒன்றும் லேசுப்பட்ட ஆள் இல்லை. மொரப்பூர்–தருமபுரி தனியார் பஸ்ஸில் கண்டக்டர். பத்து வருஷமாகக் கம்பியைப் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழிக்கிறவன். எத்தனை கைக்குழந்தைகளை வாங்கி உள்ளே கொடுத்திருப்பான், எத்தனை பெண்களுக்கு இடம் பிடித்துக் கொடுத்திருப்பான்! கல்லூரிப் பிள்ளைகள் முதல் கறிக்கோழிக் கூடைக்காரர்கள் வரை அவன் விசிலுக்குக் கட்டுப்பட்டவர்கள். கட்டுப்படாத ஒரே ஜீவன் வூட்டில் இருந்தது. அந்த ஜீவன் வாயால் ஒரே ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும் அவனுக்கு. 'சவரி மாமாவ விட நீங்க ஒரு படி மேலங்க.' அவ்வளவுதான் அவன் ஆசை. இதைக் கேட்டுவிட்டால் அப்புறம் பஸ்ஸே கவிழ்ந்தாலும் கவலையில்லை.

"அப்புடி என்னதான் கிழிச்சான் உன் சவரி மாமன்?" என்று கேட்டான், கடைசி இட்லியை முடித்துவிட்டு.

"பிளைட்டு ஏறறப்பவும் எறங்கறப்பவும் கொழந்தைக்குக் காது வலிக்குமாங்க. எதயாச்சும் சப்பி முழுங்கிகிட்டே இருந்தா வலி தெரியாதாம்."

"நீதான் பால் குடுப்பியே."

"நான் குடுப்பேங்க. எனக்கென்ன, தலையெழுத்து. ஆனா சவரி மாமா பாருங்க, லூர்து களைச்சிப் போவான்னு, பிள்ளைக்கு சிப்பர்ல குடிக்க அவரே பழக்கிட்டாராம். ஏறறப்ப அவரே மடியில வெச்சிக் குடுப்பாராம். எறங்கறப்ப அவரே குடுப்பாராம். இவ பாட்டுக்கு ஜன்னலோரம் குந்திகிட்டு மேகம் பாத்துகிட்டு வருவாளாம்."

"பெரிய்ய மேகம்."

"எனக்கு அதெல்லாம் வேணாங்க. எல்லாரும் சவரி மாமா ஆயிட முடியுமா?"

அன்றைக்கு மதிய டிரிப் முடிந்து வரும்போது டேவிட்ராஜின் தோல்பையில் டிக்கெட் கட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிப்பர் இருந்தது. இரண்டு பக்கமும் பிடியும், உறிஞ்ச ஒரு மூக்கும் வைத்த ரோஸ் கலர் சிப்பர்.

ஜாஸ்மின் அதை வாங்கிப் பார்த்தாள். தூக்கி எறிந்தாள். இவன் எடுத்துக் கொடுத்தான். அவள் எறிந்தாள். இவன் எடுத்தான். டியூட்டி போக மிச்ச நேரமெல்லாம் இதே வேலை. கடைசியில் அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. குழந்தையை மடியில் சாய்த்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டில் கூவுகிற குரலைப் பாதியாகக் குறைத்து, "தருமபுரி... ஒடசல்பட்டி கூட்ரோடு... மொரப்பூர்... மொரப்பூர்..." என்று தாலாட்டுப்போல இழுத்தான். குழந்தை அண்ணாந்து அவன் வாயையே பார்த்தது. பார்த்த கண்ணோடு சிப்பரை உறிஞ்ச ஆரம்பித்துவிட்டது!

"ஜெயா! ஏ ஜெயா! வந்து பாரு, குடிக்குது!"

அவள் வந்து எட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. டேவிட்ராஜ் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தான். இதோ வருகிறது அந்த வார்த்தை, இதோ...

"அட, பரவால்லீங்களே" என்றாள். "சவரி மாமா பிள்ளை இவ்ளோ நாளு எடுத்துக்கலையாம். ஒரே நாள்ல குடிச்சிதாம்."

டேவிட்ராஜ் கொல்லைப்புறம் போய்ச் சும்மா நின்றுவிட்டு வந்தான்.

அதற்கப்புறம் வூட்டில் சவரி வாழ ஆரம்பித்துவிட்டான். பக்கத்து வூட்டு சுகுணா வந்து, "ஏறறதுக்கு முன்னாடி சளி மருந்து ரெண்டு மூடி ஊத்திடுங்க, டில்லி வரைக்கும் தூங்கும்" என்று வழி சொல்லிவிட்டுப் போனாள். டேவிட்ராஜுக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு மருந்துக்கடைக்குக் கிளம்பினான்.

"சவரி மாமா டாக்டர கேக்காம ஒரு சொட்டு மருந்து குடுக்க வுடமாட்டாராம்" என்றாள் ஜெயராணி, துணி மடித்தபடி. "தூங்க வெக்கறதுக்கு மருந்து குடுக்கறவன் அப்பனான்னு கேப்பாராம்."

"நான் மட்டும் குடுக்கவா போறேன்? வெத்தல வாங்கப் போறேன்" என்று டேவிட்ராஜ் வெளியே போனான். அவனுக்கு வெற்றிலைப் பழக்கமே கிடையாது. வாங்கிவந்த வெற்றிலையை என்ன செய்வது என்று தெரியாமல் ஜன்னலில் வைத்தான்.

ஆனால் அவன் கையிலும் ஒரு சரக்கு இருந்தது. காது வலியைப் பற்றிச் சவரி பிளைட்டில் ஏறித்தான் தெரிந்துகொண்டான். நாம் ஏறுவதற்கு முன்னாலேயே ஒத்திகை பார்த்துவிட்டால்? வத்தல்மலை எதற்கு இருக்கிறது? தருமபுரியிலிருந்து பஸ் ஏறினால் கொண்டை ஊசி வளைவு வளைவாக மேலே போகும். இறங்கும்போது பெரியவர்களுக்கே காது 'ங்கொய்' என்று அடைக்கும். பிளைட்டு இறங்குவதும் மலை இறங்குவதும் ஒன்றுதானே?

"இந்த யோசனை உன் சவரிக்கு வந்திருக்குமா?" என்று நெஞ்சை நிமிர்த்தினான்.

"மும்பைல மலைக்கு எங்கங்க போவாரு, பாவம்" என்றாள் அவள். பாவமாம்! பாவம் என்று சொல்லும்போதுகூட அந்தக் குரலில் எத்தனை பாசம்!

ஒரு லீவு நாளில் மூன்று பேரும் கிளம்பினார்கள். அந்த பஸ்ஸின் கண்டக்டர் திருமால் டேவிட்ராஜுக்குச் சிநேகிதன். மேலே போய் ஒரு டீ குடித்துவிட்டு, திரும்பும்போது ஒத்திகை ஆரம்பமானது. டேவிட்ராஜ் துண்டால் குழந்தையைத் தன் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டான். வளைவு வரும்போதெல்லாம் சிப்பரை வாயில் வைத்தான். வளைவு, சிப்பர். வளைவு, சிப்பர்.

முன் சீட்டில் சாமை மூட்டையோடு செல்லி என்கிற மலைக்காரப் பெண் உட்கார்ந்திருந்தாள். திரும்பித் திரும்பிப் பார்த்தவள் பொறுக்கமுடியாமல் கேட்டேவிட்டாள்.

"ஏன் சாமி, கொழந்தைக்கு வயித்தால போவுதா?"

"இல்லீங்க. பிளைட்டு ஏறப்போவுது. அதுக்குப் பழக்கறேன்."

"பிளைட்டு இந்த வழியாவா போவுது?"

பதில் சொல்ல டேவிட்ராஜ் வாயைத் திறந்தான். அதற்குள் ஜாஸ்மின் வாயைத் திறந்துவிட்டாள். குடித்த அத்தனையும், கூடவே காலையில் தின்ற ராகிக் கூழும், அப்பன் சட்டையில் அபிஷேகம்!

காது மட்டும் அடைக்கவே இல்லை. குழந்தை சிரித்துக்கொண்டு இருந்தது. டேவிட்ராஜ்தான் காக்கிக் கலரில் திருமாலின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, தொப்பை மேல் பொத்தான் பூட்டமுடியாமல் தருமபுரியில் இறங்கினான்.

ஜெயராணி எதுவும் சொல்லாமல் நடந்து வந்தாள். அது இன்னும் பயமாக இருந்தது.

"என்னா? சொல்லு. வாய்க்குள்ள வெச்சிக்காத."

"ஒண்ணுமில்லீங்க. சவரி மாமா பிளைட்டுக்குப் போனா பிள்ளைக்கு மாத்துத்துணி எடுக்கறப்ப, தனக்கும் ரெண்டாவது சட்டை ஒண்ணு எடுத்து வெச்சிக்குவாராம். லூர்து சொன்னா. அவ்ளோதான்."

டேவிட்ராஜ் அன்றிரவு சோறு சரியாகச் சாப்பிடவில்லை. பெங்களூர் போகும் நாளில் பையை அவனே கட்டினான். குழந்தைக்கு மாற்றுத் துணி, டயபர், துடைக்கிற துணி, ஏசி குளிருக்குப் போர்வை, கடிக்க பிஸ்கட், கையில் வைத்து விளையாட அவனுடைய விசில். தனக்குச் சட்டை ஒன்றுக்கு இரண்டாக எடுத்தான். போதாது என்று ஜெயராணிக்கும் ஒரு மாற்றுப் புடவை வைத்தான். பொண்டாட்டிக்கு எடுக்கணும் என்று சவரிக்குத் தோன்றியிருக்குமா? வயிற்றில் ஐஸ் வைத்தமாதிரி இருந்தது.

"உங்களுக்கு எதுக்குங்க இந்தக் கஷ்டம்? குடுங்க, நான் தூக்கறேன்" என்றாள் ஜெயராணி, பையைத் தொடாமலே.

"தள்ளு, தள்ளு. எனக்குத் தெரியும்."

பிளைட் வாசலில் ஒரு பெண் கைகூப்பி வரவேற்றாள். டேவிட்ராஜ் அவளை மேலும் கீழும் பார்த்தான். அட, நம்ம கண்டக்டர் இனம்! "வணக்கம்மா. ஒரு நாளைக்கு எத்தன டிரிப்பு?" என்று தமிழில் கேட்டான். அவளுக்குப் புரியவில்லை. உள்ளே போனால் ஒரே நெரிசல். ஆளாளுக்கு நடுவழியில் நின்று மேலே பெட்டி வைத்துக்கொண்டிருந்தார்கள். பத்து வருஷப் பழக்கம் சும்மா இருக்குமா? "வழியில நிக்காதீங்க! உள்ள போங்க, உள்ள போங்க, உள்ள எடம் காலியா கெடக்குது!" என்று ஒரு சத்தம் போட்டான். பாஷை தெரியாதவர்கள்கூட நகர்ந்து போனார்கள்.

ஜன்னலோரம் ஜெயராணி. பக்கத்தில் மடியில் குழந்தையோடு டேவிட்ராஜ். உட்கார்ந்ததும் அந்தப் பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, "பேபி பெல்ட்டு" என்று கேட்டான். ஊரிலேயே மனப்பாடம் செய்த வார்த்தை. பெரியவர்கள் பெல்ட்டுக்குள் குழந்தையைச் சேர்த்துக் கட்டக்கூடாது, குழந்தைக்கென்று சின்ன பெல்ட்டு தருவார்கள், அதை நம் பெல்ட்டில் கோத்துப் போடவேண்டும், சவரி அதைக் கேட்டு வாங்கிய பிறகுதான் மூச்சே விடுவான் என்று ஜெயராணி சொல்லியிருந்தாள். பணிப்பெண் கொண்டுவந்து எப்படிக் கோப்பது என்று காட்டினாள். இவன் ஒரே தடவையில் மாட்டிவிட்டான். திரும்பி ஜெயராணியைப் பார்த்தான். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிளைட் கிளம்பியது. சிப்பர். "தருமபுரி... ஒடசல்பட்டி கூட்ரோடு..." ஜாஸ்மின் குடித்துக்கொண்டே மேலே போனாள். அழவே இல்லை. டேவிட்ராஜுக்குத்தான் காது அடைத்தது. தனக்கும் ஏதாவது முழுங்க வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை அவனுக்கு.

"மேகம் பாருங்களேன், எவ்ளோ அழகா இருக்குது!" என்றாள் ஜெயராணி. அவன் பார்க்கத் திரும்பியபோது ஜாஸ்மின் அவன் மூக்கைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்துவிட்டாள்.

பாதி வழியில் குழந்தை சிணுங்க ஆரம்பித்தது. பெல்ட்டைக் கழற்றி, எழுந்து, நடைவழியில் நின்று தோளில் போட்டுத் தட்டினான். அதுவரை உட்கார்ந்தே வந்ததில் அவனுக்கு முட்டி பிடித்துக்கொண்டது. ஓடுகிற வண்டியில் உட்கார்ந்து அவனுக்குப் பழக்கமே இல்லை. நின்றவுடன் உயிர் வந்தது. கம்பியைப் பிடிக்காமல் ஜம்மென்று நின்றான். தலைக்கு மேல் பெல்ட்டு விளக்கு எரிந்தது. பணிப்பெண் ஓடி வந்து, உட்காரச் சொல்லி ஜாடை காட்டினாள்.

"பரவால்லமா. கொண்டை ஊசி வளைவுலயே நிக்கறவன் நானு. நீ போய் மத்தவங்கள பாரு."

அவள் மறுபடியும் கெஞ்சினாள். "உக்காருங்க!" என்றாள் ஜெயராணி. "சவரி மாமா..."

"சவரி கெடக்கறான்!"

பிளைட் சடாரென்று கீழே விழுந்தது. ஒரு முழமோ ரெண்டு முழமோ, யாருக்குத் தெரியும். பஸ் குலுங்கினால் காலுக்குக் கீழே ரோடு இருக்கும். இங்கே ஒன்றுமே இல்லை. பத்து வருஷம் நின்ற கால் பல்லை இளித்துவிட்டது. குழந்தையை இறுக்கிக்கொண்டு அப்படியே சீட்டில் சரிந்தான். எங்கேயும் அடி இல்லை. ஜாஸ்மின், இன்னொரு தடவை என்பதுபோல் சிரித்தாள். ஆனால் டேவிட்ராஜ் அவள் உச்சந்தலையைத் தடவிப் பார்த்தான். அந்தச் சின்னத் தலை மேலே பெட்டி வைக்கிற பலகையில் மோதியிருந்தால்? சேசுவே! நினைக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குழந்தைக்குச் சின்ன பெல்ட்டை மாட்டினான். இழுத்துப் பார்த்தான். மறுபடியும் இழுத்துப் பார்த்தான். டில்லி வருகிறவரை அந்தச் சீட்டை விட்டு அசையவில்லை.

இறங்கும்போது சிப்பர் கொடுத்தான். குழந்தை பாதியைக் குடித்து மீதியை அவன் சட்டையில் துப்பியது. பெருமையோடு இரண்டாவது சட்டையை மாற்றினான். பின்சீட்டுக் கிழவி இந்தியில் அவனைப் புகழ்ந்து ஏதோ சொன்னாள். ஜெயராணி கொட்டாவி விட்டு, "நல்லாத் தூங்கிட்டேங்க. வந்துருச்சா?" என்றாள். அந்த வார்த்தையை மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் காலை மைத்துனன் குவார்ட்டர்ஸ் வாசலில் ஒரு டாக்ஸி வந்து நின்றது. லூர்துமேரி கைப்பையை வீசிக்கொண்டு, மல்லிகைப்பூ வாடாமல் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் தோளில் ஒரு பை, முதுகில் ஒரு பை, இடுப்பில் ரெண்டு வயசுப் பையனோடு ஒரு ஆள் இறங்கினான். நெற்றி இன்னும் மேலே ஏறியிருந்தது. சவரி!

இரண்டு சகலைகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டேவிட்ராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான். சவரியும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சிரித்தான்.

"வாங்க சகல. பிரயாணமெல்லாம் சௌரியமா?"

"எங்களுக்கென்ன சகல. நீங்க இருக்கீங்களே, உங்களுக்குத்தான் எல்லாம் கைவந்த கலையாச்சே."

நக்கலைப் பார்! டேவிட்ராஜுக்குச் சுர்ரென்று ஏறியது. "பையில எத்தன சட்டை சகல, உங்களுக்கு?"

"மூணு. உங்களுக்கு?"

"ரெண்டு. ஆனா என் பொண்டாட்டிக்குப் புடவை வெச்சிருக்கேன்."

சவரியின் முகம் செத்துப்போனது. அதைப் பார்த்த டேவிட்ராஜுக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, கல்யாணத்தன்றைக்குக்கூட வரவில்லை.

ஞானஸ்நானம் நடந்துகொண்டிருந்தது. கோயிலுக்குள் ஜெயராணி பட்டுப்புடவையில், தம்பி குழந்தையைக் கையில் ஏந்தி நின்றாள். பக்கத்தில் லூர்துமேரி. வெளியே வேப்ப மரத்தடியில், அழுகிற பிள்ளைகளை ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டு சகலைகள் இரண்டு பேரும் தட்டிக்கொண்டு நின்றார்கள். சவரியின் கண் ஜாஸ்மின் கையிலிருந்த சிப்பர்மேல் விழுந்தது. அவனால் அதற்குமேல் தாங்கமுடியவில்லை.

"ஏன் சகல, நீங்கள்லாம் மனுசனா? ஒரு வயசு ஆகாத பிள்ளைக்கு ஒரே நாள்ல சிப்பர் பழக்கினீங்களாமே! எங்க வூட்டுல அதச் சொல்லியே என் உசுர வாங்கிட்டா."

"நீங்க பழக்கினீங்கன்னுதானே சகல நான் பழக்கினேன்!"

"நான் எங்க பழக்கினேன்? நீங்க பழக்கறீங்கன்னு கேட்டுதான் நான் போன மாசம் ஆரம்பிச்சேன்!"

"அப்ப... வருஷா வருஷம் பிளைட்ல மடியில வெச்சிகிட்டு வந்தது?"

"யாரு, நானா? நான் ஏறி உக்காந்தா கொறட்டைதான். எல்லாம் லூர்து பாத்துக்குவா. இந்த வருஷம்தான் என் தலையில விழுந்திருச்சி. ஓடற பஸ்ல ஒரு கையில பிள்ளை, ஒரு கையில டிக்கெட்டு, வாயில விசிலு, அந்த நெலமையிலயும் டயபர் மாத்துவீங்களாமே நீங்க? அதக் கேட்டுட்டு ஒரு ஆம்பள சும்மா இருக்க முடியுமா?"

டேவிட்ராஜ் வாயைப் பிளந்தான். "ரெண்டாவது சட்டை?"

"அது லூர்து எடுத்து வெக்கற மாத்துத்துணி. அவளுக்கு."

"காது வலி? சின்ன பெல்ட்டு? சளி மருந்து?"

"எல்லாம் அவ பட்டுத் தெரிஞ்சிகிட்டது சகல. எனக்குப் பெல்ட்டுன்னா பேன்ட்டுக்குப் போடறதுதான் தெரியும்."

இரண்டு பேரும் கோயில் வாசலைப் பார்த்தார்கள். உள்ளே அக்காளும் தங்கையும் கன்னத்தோடு கன்னம் வைத்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு லட்சணமான முகங்கள்! பால் வடிந்தது!

"சகல" என்றான் டேவிட்ராஜ். இத்தனை நாள் எரிந்த வயிறு குளிர்ந்து, இப்போது அவனுக்குச் சவரியைக் கட்டிக்கொள்ளவேண்டும்போல் இருந்தது. குறுக்கே பிள்ளைகள் இருந்ததால் முடியவில்லை. "திரும்பிப் போறப்ப பிள்ளை அவங்க மடியில. ஜன்னல் நம்முது. என்னா சொல்றீங்க?"

"சத்தியமா!"

"யாரு மொதல்ல விட்டுக் குடுத்தாலும் மானம் போச்சி."

"மாதா மேல ஆணை!" இடது கையால் கைகுலுக்கிக்கொண்டார்கள். வலது கையில் பிள்ளைகள்.

ஊர் திரும்பும் நாள் வந்தது. மும்பைக்கும் பெங்களூருக்கும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் பிளைட். ஏர்போர்ட் வாசலில் சகலைகள் அர்த்தத்தோடு கண்ணைக் காட்டிக்கொண்டு பிரிந்தார்கள்.

பிளைட்டில் ஏறியதும் டேவிட்ராஜ் பெட்டியை மேலே வைத்துவிட்டு விறுவிறுவென்று போய் ஜன்னலோரம் உட்கார்ந்தான். "இந்தா. ஜாஸ்மின புடி" என்றான். குரலில் அப்படி ஒரு அதிகாரம், அவனுக்கே புதுசாக இருந்தது.

"சரிங்க" என்றாள் ஜெயராணி.

ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை! குழந்தையை வாங்கிக்கொண்டாள். சின்ன பெல்ட்டைக் கேட்டு வாங்கி மாட்டினாள். டேவிட்ராஜ் காலை நீட்டி, வெளியே பார்த்தான். தார் ரோடும் ஒரு டிராக்டரும் தெரிந்தன. ஜாஸ்மின் அம்மா மடியிலிருந்து அவன் பக்கம் கையை நீட்டி, "ப்பா... ப்பா" என்றாள். அவன் டிராக்டரையே பார்த்தான்.

"லூர்து இப்பதாங்க பேசினா" என்றாள் ஜெயராணி, குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே.

"எப்போ?"

"நீங்க மேல பெட்டி வெக்கறப்ப. சவரி மாமாவும் இதே மாதிரி ஜன்னல்ல போய் குந்திட்டாராம். ஏதோ சத்தியமாம். பையன் அப்பான்னு கூப்புட்டானாம். ரெண்டு நிமிசம் பொறுத்துப் பாத்தாராம், தாங்க முடியலையாம். எழுந்து வந்து வாங்கிக்கிட்டாராம். 'டேவிட் சகல கல்நெஞ்சக்காரரு, வெச்சி சாதிச்சிருவாரு. எனக்கு அந்த மனசு வராது'ன்னு சொன்னாராம். அவ்ளோதான்."

டேவிட்ராஜ் அவள் முகத்தைப் பார்த்தான். இது பொய். தெரியும். வேப்ப மரத்தடியில் எல்லாம் தெரிந்தாயிற்று. இனி ஏமாற அவன் என்ன கேனையனா? அந்தச் சவரி இந்நேரம் ஜன்னலோரம் குறட்டை விட்டுக்கொண்டு இருப்பான். ஆனால், ஒருவேளை விடாமல் இருந்தால்? ஒருவேளை நிஜமாகவே வாங்கிக்கொண்டிருந்தால்? கல்நெஞ்சக்காரனாமே! யார், நானா? அந்த மோர் குடிச்சவன் நல்ல அப்பன், நான் கல்நெஞ்சனா?

"ப்பா" என்றாள் ஜாஸ்மின்.

"குடு இப்புடி!" என்று எழுந்து குழந்தையைப் பிடுங்காத குறையாக வாங்கினான். ஜெயராணி ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். பெல்ட்டை மாற்றிக் கோத்துக் கொடுத்துவிட்டு அவன் காதோரம் சாய்ந்தாள்.

"சவரி மாமா ரெண்டு நிமிசம் தாங்கிட்டாரு. உங்களால ஒரு நிமிசம்கூட தாங்க முடியல. அவர விட நீங்க ஒரு படி மேலங்க."

சொல்லிவிட்டாள்! அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள்! டேவிட்ராஜுக்குப் பிளைட் கிளம்பியதே தெரியவில்லை. அதற்கு முன்னாலேயே அவன் மேலே போய்விட்டான். சிப்பர் கொடுத்தான். மொரப்பூரைத் தாலாட்டினான். மனம் விட்டுச் சிரித்தான். ஜாஸ்மின் அவன் தோளில் சாய்ந்து அப்படியே தூங்கிப்போனாள்.

வாயோரம் வழிந்த பாலைத் துடைக்க, காலடியிலிருந்த பைக்குள் துணியைத் தேடிக் கையை விட்டான். ஜெயராணியின் போன் கையில் பட்டது. எடுத்துப் பார்த்தான். அமுக்கினான். இன்னொரு தடவை அமுக்கினான். கறுப்பாகவே இருந்தது. காலையில் மைத்துனன் வீட்டில் கரண்ட் இல்லாமல், சார்ஜ் ஏறாமல், கிளம்பும்போதே செத்துப்போய், அவன் கையாலேயே பைக்குள் அடியில் போட்ட போன்!

டேவிட்ராஜ் ஜன்னல் பக்கம் திரும்பினான். அவள் மேகம் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்துவதற்கு வாயைத் திறந்தான். தோளில் குழந்தை லேசாக அசைந்தது.

மூடிக்கொண்டான். சவரியாக இருந்தால் கத்தியிருக்க மாட்டான்.